கொதி வருவதற்கு முன்

மால்ட் டின்னை வாங்கியதும் கடையிலேயே மூடியை நெம்பித் திறந்து முகர்ந்து பார்க்கிற ஒரே ஆள் அந்த அக்காதான். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் அப்போது எனக்கு வேலை. இருபத்தாறு வயது. கரும்பாகு போலக் கெட்டியாக, தேன் நிறத்தில் டின்னில் வரும் அந்த மால்ட் சத்து, சவலைப் பிள்ளைகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது. ஒரு வீட்டில் மாதம் ஒரு டின் போனாலே அதிகம். அக்கா பதினைந்து நாளுக்கு இரண்டு வாங்குவார்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த பருத்திச் சேலை, கையில் குடை. வெயில் இல்லாவிட்டாலும் குடை இருக்கும். நாலைந்து தடவை வந்துபோன பிறகு ஒரு நாள் கேட்டுவிட்டேன், வீட்டில் குழந்தைக்கு என்ன வயது என்று.

"அம்பது" என்றார்.

நான் விழித்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டின் எல்லாம் தன் வீட்டுக்காரருக்குத்தான் என்றார். ஏன் முகர்ந்து பார்க்கிறார் என்பதையும் அன்றைக்கே சொன்னார். முதல் தடவை வேறொரு கடையில் மீன் எண்ணெய் கலந்த மால்ட்டைக் கொடுத்துவிட்டார்களாம். இரண்டு வாரம் கழித்துப் பாட்டிலைத் திறந்தால் தெரு முழுக்கக் கருவாட்டு வாசனை. "அவரு ஒண்ணும் சொல்லல தம்பி. குடிச்சிட்டு, மீனு புது மீனுதான்னாரு" என்றார்.

மால்ட்டுக்கும் பாட்டிலுக்கும் என்ன சம்பந்தம், இரண்டு வாரம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அதைக் கேட்க எனக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது. கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார். வீட்டில் பீர் காய்ச்சுகிறார்.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. கடையில் வேறு யாராவது கேட்டுவிட்டார்களோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். அக்கா ரசம் வைக்கிற பக்குவத்தைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் வீட்டுக்காரருக்கு மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிற வேலை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொட்டலத்தால் தேக்கில் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி பளபளப்பாக்கிவிடுவார். ஊரில் பெரிய கடைகளின் கண்ணாடி பீரோக்களில் பாதி அவர் கை பட்டவை. சாராயம் கிடைக்காத ஊரில் ஸ்பிரிட் கையிலேயே இருந்தது. அரக்கு அடியில் தங்கியபின் மேலே தெளிந்து நிற்பதை வடிகட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்கிற பழக்கம் அந்த வேலைக்காரர்கள் பலருக்கும் இருந்தது. சிலர் செத்தும் போனார்கள்.

அக்கா அப்போது சென்னையில் ஒரு ஜெர்மன்காரர் வீட்டில் சமையல் வேலையில் இருந்தார். அவர் ஏதோ தொழிற்சாலைக்கு இயந்திரம் பூட்ட வந்த பொறியாளர். அக்காவின் வீட்டுக்காரர் காஞ்சிபுரத்தில் தனியாக இருந்தார், அந்தப் பழக்கம் அவருக்கும் இருந்தது. ஒரு நாள் காலையில் அவர் கண்ணைத் திறந்து, முகத்தில் வெயில் சுடுவது தெரிந்தும், "இன்னும் விடியலியா?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். அவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அக்காவுக்குத் தந்தி அடித்தார்கள். நாலாம் நாள் பார்வை திரும்பியது. வலது கண் மட்டும் கடைசி வரை மங்கலாகவே இருந்தது.

அக்கா வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். வரும்போது ஒரு யோசனையும் கூடவே வந்தது. அந்த ஜெர்மன்காரர் மாலையில் தானே காய்ச்சிய பீரில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, மூன்றாவதைத் தொடாமல் எழுந்து போவதை எட்டு வருடம் பார்த்தவர் அவர். இரண்டோடு நிறுத்துகிற குடி என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கு அதைக் காட்ட வேண்டும் என்று நினைத்தார். இன்று ஒரு டாக்டரிடம் இதைச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார். நானும் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா செய்தது இதைத்தான்.

மால்ட் மட்டும் போட்டுக் காய்ச்சினால் வெறும் டானிக் ருசிதான் வரும் என்பார். அதற்கு நிறமும் மணமும் கொடுக்கத் தானியம் ஊற வேண்டும். ஜெர்மன்காரரின் மனைவி கொடுத்தனுப்பிய தானியப் பை தீர்ந்ததும் தானே தயார் செய்யக் கற்றுக்கொண்டார். பார்லி அரிசி முளைக்காது. உமி நீங்காத வாற்கோதுமை வேண்டும். அது கோயில் பக்கத்து நாட்டு மருந்துக்கடையில் யாகத்துக்கென்று கிடைத்தது. கடைக்காரர் என்ன ஹோமம் என்று கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற இந்த அக்கா, "எங்க வூட்டுல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ நடக்குதுங்க" என்று சொல்லி வாங்கி வந்திருக்கிறார்.

அதை ஈரச்சாக்கில் முளைகட்டி, ஈரத்தோடேயே மூடிபோட்டு அடுப்பில் மெல்ல வேகவைத்து, பிறகு காய வறுப்பார். கடித்தால் உள்ளே வெல்லம் போல இனிக்கும். ஏந்திரத்தில் இரண்டாக மூன்றாக உடைந்தால் போதும், மாவாகக் கூடாது.

ஒரு நாள் கடைக்கு வந்து தெர்மாமீட்டர் கேட்டார். காய்ச்சல் பார்க்கிறதைக் காட்டினேன். வெந்நீரில் வைத்தால் உடைந்துவிடும், இன்னும் மேலே போகிறது வேண்டும் என்றார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்த்த நண்பனிடம் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். ஆர்வம்தான் காரணம். பயம் அப்படியேதான் இருந்தது.

ஒற்றை அறை வீடு, பின்னால் சமையல்கட்டு. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பில் அலுமினிய அண்டா. அக்கா குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் கடுகு மாதிரி குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன, இன்னும் மேலே கிளம்பவில்லை. விரல் நுனியைத் தண்ணீரில் வைத்துச் சட்டென்று எடுத்தார். அடுப்பை அணைத்தார்.

"இப்ப வையி தம்பி" என்றார்.

தெர்மாமீட்டரை இறக்கினேன். அறுபத்தெட்டு டிகிரி. எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டேன். ஜெர்மன்காரர் வீட்டில் அறுபத்தைந்திலிருந்து எழுபதுக்குள் இருந்தால் போதும் என்பார்களாம். எழுபத்தைந்தைத் தாண்டிக் கொதிக்கப் போனால் உமியில் இருக்கிற துவர்ப்பு இறங்கிவிடும், அப்புறம் அதை எடுக்கவே முடியாது. அக்கா தெர்மாமீட்டரைச் சேலையில் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டார். விரல் சரியாகத்தான் சொல்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாராம். தெரிந்துவிட்டது.

உடைத்த தானியத்தை மல் துணியில் தளர்வாகக் கட்டி நீரில் இறக்கினார். மேசைக் கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த அரை மணி நேரத்தில் தண்ணீர் டீ நிறமாகி, பிறகு செம்மரத் தூள் கரைத்தது போல ஆனது. வறுத்த ரொட்டி வாசனை அறை முழுவதும் பரவியது. நேரம் ஆனதும் மூட்டையைத் தூக்கி அண்டாவுக்கு மேலே பிடித்தார். சொட்டுச் சொட்டாக இறங்கியது. உதவி செய்கிற உற்சாகத்தில் நான் மூட்டையை இரண்டு கையாலும் அழுத்தப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"புழியாத தம்பி. தானா வர்றது வரட்டும்."

அதன் பிறகுதான் மால்ட்டைக் கரைத்து, மறுபடி அடுப்பில் ஏற்றி நன்றாகக் கொதிக்கவிட்டார். கசப்புக்கு ஜெர்மன்காரர் ஏதோ பூ போடுவாராம். அது இங்கே கிடைக்காததால் அக்கா நிலவேம்பு இரண்டு கிள்ளு போட்டார். ஆறியதும் ரொட்டிக்கடையிலிருந்து வாங்கிய ஈஸ்ட்டைக் கரைத்து ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டினார். ஒரு வாரம் ஜாடியில், ஒரு வாரம் பாட்டிலில். பாட்டில் தக்கைகளை நெசவுக்காரர் வீட்டில் கிடைக்கும் கழிவு நூலால் இறுக்கிக் கட்டிவைப்பார்.

அன்று ஐந்தரை மணிக்கு அவர் வீட்டுக்காரர் வந்தார். ஒல்லியான, நெட்டையான மனிதர். நகக்கண்ணெல்லாம் அரக்கு நிறம். ரம்பத்தூளும் சோப்பும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். அக்கா போன தடவை காய்ச்சியதில் ஒரு பாட்டிலைத் திறந்து வைத்தார். எனக்கும் அரை டம்ளர் கொடுத்தார்கள். கருகிய ரொட்டி, வெல்லம், பிறகு நாக்கின் அடியில் நிலவேம்பு. என் முகம் போன போக்கைப் பார்த்து அவர், "கஷாயந்தான் தம்பி. இன்னா, இது கொஞ்சம் சிரிக்கிற கஷாயம்" என்றார். இரண்டாவது டம்ளர் முடிந்ததும் அதைத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்தார்.

பிறகு நான் அடிக்கடி போனேன். அக்காவிடம் எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இருந்தது. கணவர் பாலிஷ் வேலையையே தொடர்ந்தார். காலையில் எழுந்ததும் அவர் தோளில் மாட்டிக்கொண்டு போகிற மரப்பெட்டியில் ஸ்பிரிட் பாட்டில் இருந்தது. அக்கா ஒரு நாளும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. அவர் வாயை முகர்ந்து பார்த்ததில்லை. எங்கே போனீர்கள், ஏன் நேரமாயிற்று என்று கேட்டதில்லை. மாதா கோயில் பங்குச் சாமியார், கணவரைப் பூசையில் எல்லோர் முன்னாலும் நிறுத்தி இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யவைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஏன் என்று கேட்டேன்.

"சத்தியம் வாங்கிட்டா, தவறுன அன்னிக்கு அவரு பொய் சொல்லியாவணும் தம்பி. குடிச்சது ஒரு கஷ்டம். பொய் ஒரு கஷ்டம். இன்னாத்துக்கு ரெண்டு?"

தவறுவாரா என்று கேட்டேன். "தெரியல" என்றார். பயம் இல்லாத மாதிரி நடிக்கவும் இல்லை அவர். வறுத்த தானியத்தில் கருகியதைப் பொறுக்கி எறிந்துகொண்டே சொன்னார், அவ்வளவுதான்.

அந்த வருடம் கத்திரி வெயில் ஊரையே வாட்டியது. ஒரு நாள் நண்பகலில் அக்கா வீட்டில் வெடிச் சத்தம். அடுத்தடுத்து ஐந்து. தறியில் இருந்தவர்கள் கால் இறக்கி உட்காரும் குழியிலிருந்து எழுந்து ஓடிவந்திருக்கிறார்கள். வெயில் சூட்டில் பாட்டில்கள் வெடித்துவிட்டன. நுரை வாசற்படி வழியாகத் தெருவுக்கு வந்து, அங்கே தறிக்குப் பாவு நூல் விரித்துக்கொண்டிருந்தவர்களின் காலடி வரை ஓடியிருக்கிறது. தெருவில் பலருக்கும் முன்பே தெரிந்த சங்கதிதான். இனிமேல் தெரியாத மாதிரி இருக்க முடியாது.

இரண்டு தெரு தள்ளி இருந்த ஏட்டு ஒருவர் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், சத்தம் கேட்டு அப்படியே வந்துவிட்டார். அக்கா எதையும் மறைக்கவில்லை. உடையாமல் நின்ற ஏழு பாட்டில்களைக் காட்டி, யாருக்காக, எதற்காக என்று சொன்னாராம். ஏட்டு நுரையில் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அக்காவின் வீட்டுக்காரருக்குக் கண் தெரியாமல் போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பாரா நின்றவர் அவர். விரலைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"சாயங்காலம் நான் வந்தா எழுதிக்கினு போறதுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா ஏழு பாட்டிலையும் சாக்கடையில் ஊற்றினார். ஜாடியில் நுரைத்துக்கொண்டிருந்ததையும் ஊற்றினார். நான் மாலையில் போனபோது வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வந்து, கழுவிய தரையையும் காலி ஜாடியையும் பார்த்தார். அக்கா நடந்ததைச் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

கெட்டது தனியாக வருவதில்லை போலும். மறுநாளே ஓரிக்கையில் இருந்த அக்காவின் தங்கை கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். கைக்குழந்தைக்காரி. பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. இந்த நேரத்தில் வீட்டுக்காரரைத் தனியாக விட்டுவிட்டா போவது என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். பெட்டியையாவது நான் வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"பொட்டி இல்லாம அவரு எப்பிடி வேல செய்வாரு?" என்று கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

எனக்கு அந்த நாட்கள் மறக்கவில்லை. காலையில் கடை திறக்கும்போது அவர் வீட்டுக்காரர் பெட்டியோடு தெருவில் போகிறாரா என்று பார்ப்பேன். நடையைக் கவனிப்பேன். போனால் ஒரு நிம்மதி. மாலை ஆனதும் மறுபடி கவலை.

நாலாம் நாள் மதியம் அவரே கடைக்கு வந்தார். அதற்கு முன் அவர் எங்கள் கடைப் படியேறியதே இல்லை. மால்ட் இரண்டு டின் வேண்டும் என்றார். அக்கா சொல்லியனுப்பினார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். டின்னைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றவர், என்னைப் பார்க்காமல் பேசினார்.

"மூணு நாளா பொட்டியத் தெறந்தா அதுதான் மொதல்ல கண்ணுல படுது தம்பி. அவ ஒரு வார்த்த, குடிச்சிடாதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருந்தா, அந்தக் கோவத்துலியே குடிச்சிருப்பன். ஒண்ணுமே சொல்லாம போயிட்டா. யாரு மேல கோவப்படறது?"

நான் இரண்டு டின்னையும் எடுத்துக் கொடுத்தேன். ஏட்டு சொன்னதை நினைவுபடுத்தினேன். இந்தத் தடவை சத்தம் வராது, ஆற்று மணலைக் கொட்டி நனைத்து அதில் பாட்டில்களைப் புதைத்துவைக்கப் போகிறேன் என்றார். அக்கா செய்வதை இத்தனை நாள் பார்த்திருக்கிறேனே, பெரிய வித்தையா என்றார்.

நாலைந்து நாள் கழித்து எட்டிப் பார்த்தேன். அடுப்படி போர்க்களமாக இருந்தது. வாற்கோதுமையை வறுக்கும்போது பாதி கருகிவிட்டது. அதையும் சேர்த்தே போட்டிருந்தார். குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று குடத்தை எடுத்துக்கொண்டு ஓடி, திரும்பி வருவதற்குள் அண்டா தளதளவென்று கொதித்திருக்கிறது. மூட்டையை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் பிழிந்தும்விட்டார். நிலவேம்பு எத்தனை கிள்ளு என்று தெரியாமல் ஒரு கைப்பிடி. ஜாடிக்குள் இருந்தது தார் நிறம். ஆனால் நுரைத்துக்கொண்டிருந்தது. அவர் அதன் பக்கத்தில் ஈரச்சாக்கோடு உட்கார்ந்து, ஜாடி சூடாகாமல் மணிக்கொரு தரம் நனைத்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகும் நாளில் பக்கத்து வீட்டம்மாவிடம் நனைக்கச் சொல்லிவிட்டுப் போனாராம். சாயங்காலம் ஆனால் வேறெங்கும் போகத் தோன்றவில்லை, இதைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார்.

அவருடைய மிச்ச வாழ்க்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் அவர் ஸ்பிரிட்டைத் தொடவில்லை. பிறகும் தொடவில்லை என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாது, யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பல வருடம் வேலை செய்தார். மங்கிய கண்ணோடேயே அவர் போட்ட பாலிஷில் என் கல்யாணக் கட்டில் பளபளத்தது. மதுவிலக்கைத் தளர்த்தி ஊருக்குள் கடைகள் திறந்தபோதும் மாலையில் வீட்டுக்கே வந்தார். வயதாகி, காய்ச்சலில் நாலு நாள் படுத்து, அக்கா பக்கத்தில் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார். அக்கா அதன் பிறகு தங்கை மகனோடு இருந்தார். கடைசியாக நான் பார்த்தபோது அவர் முடியெல்லாம் வெளுத்திருந்தது. பேரனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்டார்.

ஆனால் அக்கா என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, அவர் ஓரிக்கையிலிருந்து திரும்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை.

தங்கை கோலூன்றி நடக்கும்வரை, மூன்று வாரத்துக்கு மேல் இருந்துவிட்டுத்தான் வந்தார். நான் போனபோது மாதா கோயில் முடிந்து வந்து சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் மணலைத் தோண்டி ஒரு பாட்டிலை எடுத்து வந்து துடைத்தார். தக்கையைக் கட்டிய நூலை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். அக்கா அந்தப் பக்கம் பார்க்காமல் எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தக்கை சின்னச் சத்தத்தோடு வந்தது. டம்ளரில் கறுப்பாக இறங்கியது. நுரை மட்டும் வெள்ளையாக, நன்றாக ஏறி நின்றது.

அவர் அதைத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. மனைவியிடம் நீட்டினார்.

அக்கா தான் காய்ச்சியதில் ஒரு கரண்டி ருசி பார்ப்பதோடு சரி. குடித்து நான் பார்த்ததில்லை. பீர் நாற்றமே தனக்கு ஆகாது என்பார். அன்று டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். கண்ணிரண்டும் இறுக மூடிக்கொண்டன. தோள் ஒரு தரம் குலுங்கியது. நான் எனக்கும் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்து கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன்.

"எப்பிடி இருக்குது?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

அக்கா நிறுத்தாமல் டம்ளர் காலியாகும் வரை குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் நீர் நின்றது. கசப்பினால்தான் என்று சொல்லலாம்.

"வாயில வைக்க முடியலீங்க" என்றார். டம்ளரை அவரிடம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."